கோட்டை எங்கே என்று கேட்ட நண்பருக்கு

போன தை மாதம், பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் நாலு பேர் பொன்னேரியிலிருந்து வாடகைக்கு வண்டி எடுத்துக்கொண்டு காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு போய் வந்தோம். நாலு பேர் வயதையும் கூட்டினால் 280-ஐத் தாண்டும். நாங்கள் பார்க்கப் போன கோட்டைக்கு அதைவிட வயது அதிகம் என்பதில் எங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சல் துறையில் மெயில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். இரண்டாமவர் மின்வாரியக் கணக்குப் பிரிவில் இருந்தவர். எதையும் வரவு செலவாகவே பார்ப்பார். மூன்றாமவர் தமிழாசிரியர். நான்காமவர் காட்டுப்பள்ளிக் குப்பத்துக்காரர். கடலுக்கும் போவார், மதியத்துக்கு மேல் தபாலும் கொடுப்பார். அந்தக் காலத்து இ.டி. டெலிவரி ஏஜெண்ட். இப்போதும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார். எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

மாலையில் திரும்பி வரும்போது கணக்குக்காரர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “இன்னாய்யா இது, கோட்டை கோட்டைன்னு கூட்டியாந்து முள்ளுக்காட்டைக் காட்டிட்டே. ஒரு செங்கல்லு முழுசா இல்ல. தரங்கம்பாடி பாத்தியா? அது கோட்டை. இதுக்கா வண்டி வாடகை?” என்றார். வண்டியில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்துப் பார்த்து, அவருக்கும் அவரைப் போல நினைக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தரங்கம்பாடி நன்றாகத்தான் இருக்கிறது. நானும் மகனோடு போயிருக்கிறேன். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, கடலைப் பார்த்துக்கொண்டு இன்றும் நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. படம் எடுக்கலாம், மதில் மேல் ஏறிக் காற்று வாங்கலாம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையிலும் மதில் உண்டு, உள்ளேயே கல்லறைகளும் உண்டு. நம்ம பழவேற்காட்டில் இருப்பது அகழி, மண்மேடு, அதன்மேல் சீமைக் கருவேலம். ஊர்ப்பெயரைப் பழைய வேல மரக்காடு என்று பிரித்துச் சொல்வார்கள். உள்ளூர் வேலமரத்தின் பெயரைத் தாங்கிய ஊரின் கோட்டையை இன்று வெளிநாட்டு வேலமரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழாசிரியர் இதைச் சொல்லிச் சிரித்தார். கணக்குக்காரர் சிரிக்கவில்லை. அவர் வேட்டியில் முள் மாட்டியிருந்தது.

ஆனால் அந்த மேட்டின் மேல் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு நின்றால் கால் அவ்வளவு சீக்கிரம் நகராது.

ஆரணியாறு வந்து ஏரியில் கலக்கிற இடம் இது. ஏரி முகத்துவாரம் வழியாகக் கடலைத் தொடுகிறது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகுகள் முகத்துவாரத்தில் நுழைந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். நம் கரையில் வெள்ளைக்காரர்கள் கோட்டைக்கு இடம் பார்த்தபோது ஆற்றுவாயாகவே தேடியதற்கு இதுதான் காரணம். கடலூரில் கெடிலத்தின் வாயருகே செயின்ட் டேவிட் கோட்டை. சென்னையில் கூவம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே செயின்ட் ஜார்ஜ் கோட்டை. பழவேற்காடு இந்த இரண்டுக்கும் மூத்தது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்து சரக்குக் கிடங்கு போட்டார்கள். 1612-ல் சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர்கள் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருடமே, 1613-ல், டச்சுக்காரர்கள் கோட்டையை எழுப்பிவிட்டார்கள். தங்கள் நாட்டு மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை வைத்துக் கெல்ட்ரியா என்றார்கள். நாலு மூலைக்கும் கொத்தளம், சுற்றி அகழி. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள். ஆங்கிலேயரும் இங்கே ஒண்டிக்கொள்ளப் பார்த்தார்கள். 1619-ல் இரு கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பேரில் கொஞ்ச காலம் இங்கே இருந்தும் பார்த்தார்கள். டச்சுக்காரரோடு ஒத்துப்போகாமல் கிளம்பி, 1626-ல் வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் கடை விரித்தார்கள். அங்கும் சரிப்படாமல் போய்த்தான் பிரான்சிஸ் டே 1639-ல் சென்னப்பட்டினத்து மணலுக்கு வந்தார். பழவேற்காட்டில் ஆங்கிலேயருக்கு இடம் கிடைத்திருந்தால் நம் பிள்ளைகள் எல்லாம் வேலைக்கு வடக்கே ரயில் ஏறியிருப்பார்கள்; பொன்னேரி ஒரு பேட்டையாகியிருக்கும். மனைக்கட்டு விலை என்ன ஆகியிருக்கும் என்று கணக்குக்காரர் அங்கேயே நின்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

துணிக்காகத்தான் வந்தார்கள். இங்கிருந்து கட்டம் போட்ட துணி வாங்கிப் போய், கீழ்த்திசைத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவது அவர்கள் வியாபாரம். மலேசியாவில் இன்றும் கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்றால் வேறொன்றுமில்லை, வெள்ளைக்காரர் வாயில் ‘புலிக்காட்’ ஆன நம்ம பழவேற்காடுதான். கோட்டை போய்விட்டது, ஊர்ப்பெயர் அங்கே பல லட்சம் பேர் இடுப்பில் இருக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்திலும் போடலாம். இனிச் சொல்லப்போவதை யாரும் போட மாட்டார்கள்.

இந்த முகத்துவாரம் வழியாகத் துணி மட்டும் போகவில்லை. ஆட்களும் போனார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சண்டையில் ஊர்கள் அழிந்தபோதெல்லாம், ஆயிரக்கணக்கில் ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் விலைக்கு வாங்கி அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இப்போதைய ஜகார்த்தாவுக்கு) கப்பலேற்றினார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள், தரகு பார்த்தவர்கள் நம்மவர்கள். அரிசி இல்லாத வருடத்தில் பெற்றவர்களே விற்றதும் உண்டு. எல்லாவற்றுக்கும் டச்சுக்காரர்கள் கணக்கு எழுதி வைத்தார்கள். நல்ல கணக்கு எழுதுகிறவர்கள். எந்தக் கப்பல், எத்தனை உருப்படி என்று. பெயர்கள்தான் இல்லை.

அதை மனதில் வைத்துக்கொண்டு அகழிக்கு எதிரே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. வாசலில் 1656 என்ற வருடம். உள்ளே 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள். சில ஆள் உயரத்துக்கு மேல் கூம்பாக எழும்பி நிற்கின்றன. சிலவற்றில் குடும்பச் சின்னம், பூவேலை, டச்சு எழுத்து. எந்த ஊரில் பிறந்தார், என்ன பதவி, எந்தத் தேதியில் செத்தார், எல்லாம் இருக்கிறது. மூன்றரை நூற்றாண்டாக உப்புக்காற்று அடித்தும் எழுத்து அழியவில்லை.

கணக்குக்காரருக்கு இந்த இடம் பிடித்திருந்தது. “இது பரவால்லப்பா. பாக்க ஏதோ இருக்குது” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல் இருந்தால் பார்க்க ஏதோ இருக்கிறது. கல் இல்லாதவர்களை எங்கே போய்ப் பார்ப்பது?

என் கருத்து இதுதான். கோட்டையைத் திரும்பக் கட்ட வேண்டாம். அப்படி ஒரு யோசனை எங்கள் பேச்சில் வந்தது. கணக்குக்காரரே சொன்னார், புதுச் செங்கல் வைத்து நாலு மூலையும் எழுப்பி, லைட் போட்டு, டிக்கெட் வைத்தால் கூட்டம் வரும் என்று. வரும்தான். ஆனால் அது சினிமா செட். இடித்தவர்கள் ஆங்கிலேயர்கள், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1825-ல் ஊர் மொத்தமாக அவர்கள் கைக்கு வந்தது. அந்த இடிப்பும் வரலாறுதான். முள்ளை வெட்டி, அகழியில் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொண்டு, ஒரு நடைபாதை போட்டால் போதும். கூடவே ஒரு பலகை வைத்து, அதில் துணி, நாணயம், வெடிமருந்தோடு நிறுத்தாமல் ஆட்களைப் பற்றியும் எழுத வேண்டும். அன்று முழுக்கச் சுற்றியும் அந்த விஷயம் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

நிற்கிற கோட்டையைத்தான் பார்க்கப் போக வேண்டும் என்றால், பழவேற்காட்டுக்குப் போக வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று பார்க்கப் போவதானால், ஒரு நாள் போதாது.

போதாது என்றுதான் நாங்களும் கண்டோம். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்புறாங்கல்லில் விரல் நீளத்துக்கு ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும். எங்கள் முதுகுக்கு அது ஒரு பரீட்சை. பள்ளிவாசலில் நிழலை வைத்து நேரம் பார்க்கிற சூரியக் கடிகாரம் இருக்கிறது. பக்கத்தில் மகிமை மாதா கோயில். பனையோலையில் பெட்டி முடைகிற பெண்களிடம் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். என் வீட்டில் இப்போது மாத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. ஏரியில் தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்து பெரிய உவர்நீர் ஏரி இது. அதன் நடுவில் போய்ப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு பையன் வந்து “படகுல போலாமா தாத்தா” என்று மெதுவாகக் கேட்டான். நாங்கள் வேண்டாம் என்றோம். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்த தண்ணீர் இது. அதன் பிறகுதான் தடை வந்தது. முகத்துவாரத்து நீரோட்டம் கரையிலிருந்து பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். நம் வயதில் வீம்புக்குப் படகேற வேண்டாம் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

சாப்பிட்ட பிறகு குப்பத்துக்காரர் எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு விஷயம் காட்டினார். இதற்கு டிக்கெட் கிடையாது, பலகையும் கிடையாது. ஆனால் அன்றைக்கு நான் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முகத்துவாரத்தை ஒட்டிய தண்ணீரில் இறால் அதிகம் வரும். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற வழியில் வலை கட்டினால் பிடிபடும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் தண்ணீரைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்கு முறை வைத்துப் பாடு வரும். ஊருக்குள் ஆளுக்கு முறை. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும். எழுதிய சட்டம் எதுவும் இல்லாமல், தண்ணீரில் ஒரு கோடுகூடக் கிழிக்காமல், தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது. (இதிலும் குறை உண்டு. பாட்டில் பெயர் இல்லாத மற்ற ஊர்க்காரர்கள், மற்ற சமூகத்தார், ‘எங்களுக்கு ஏன் முறை இல்லை’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சண்டையும் நடந்திருக்கிறது.)

கோட்டைக்குப்பம் என்ற பெயரைக் கவனித்தீர்களா? கோட்டையின் ஒரு செங்கல்லையும் காணோம் என்றாரே நண்பர், கோட்டை அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பாட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்கிறார்கள்.

இப்போது நான் காட்டுப்பள்ளிக்குத் திரும்ப வேண்டும். காலையில் முதலில் போனது அங்கேதான், சொல்லாமல் தள்ளிப்போட்டேன்.

1983-ல் நான் அந்தப் பக்கத்துக் கிளை அஞ்சலகங்களைப் பார்வையிடப் போகும்போது பாதி வழி சைக்கிள், மீதி வழி படகு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், தெற்கே கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேரும். நடுவில் மணலும் தாழையும் பனையும் குப்பங்களும். கடிதத்தில் கதவு எண் இருக்காது. பெயர், அப்பா பெயர், காட்டுப்பள்ளிக் குப்பம், அவ்வளவுதான். நம்ம இ.டி.காரர் ஒரு கடிதத்தையும் தவறவிட்டதில்லை. சென்னையில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பும் மணியார்டரைக் கடற்கரையில் வலை காய்கிற இடத்துக்கே போய்க் கொடுப்பார். கைநாட்டு வாங்க மைப்பெட்டியை மடியில் கட்டியிருப்பார். ஒரு தடவை கணக்கில் 5 ரூபாய் குறைந்தது என்று நான் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டேன். பிறகு பார்த்தால் கூட்டலில் தப்புச் செய்தது நான். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது அந்தக் குப்பம் இடம் மாறியது. எங்கள் வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றார். மதிலுக்கு அந்தப்புறம் கைகாட்டி, “அந்தப் பெரிய கிரேன் தெரியுது பாருங்க சார், அதுக்கு இந்தாண்ட நம்ம வீடு. அதைத் தாண்டி அப்பாவைப் பொதச்ச எடம்” என்றார். தமிழாசிரியர், புது வீடு எப்படி என்று கேட்டார். “வீடு நல்ல வீடுங்க ஐயா. காத்துதான் வேற.” அவ்வளவுதான் சொன்னார். வண்டியில் ஏறிக்கொண்டார்.

நான் துறைமுகம் வேண்டாம் என்று கோஷம் போடுகிறவன் இல்லை. என் தங்கை மகனுக்கு அந்தப் பக்கத்தில்தான் வேலை. அதில்தான் அவன் கடனை அடைத்தான். 330 ஏக்கரில் இருக்கிற துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் என்று செய்தி வந்ததிலிருந்து, காளாஞ்சி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று பழவேற்காடு வரை உள்ள குப்பங்களில் பயம் இருக்கிறது. ஏரியையும் கடலையும் பிரிக்கிற மணல்திட்டு ஒடுங்கியது. அது அரித்துப் போனால் ஏரியே ஏரியாக இருக்காது என்கிறார்கள். 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் சொல்கிற பயத்தைத் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் எடுக்கட்டும். என் கோரிக்கை அதைவிட மிகச் சிறியது.

டச்சுக்காரன் நம் ஊரில் வந்து வியாபாரம் செய்து, ஆட்களை விற்று, காய்ச்சலில் செத்தான். அவனுக்குக் கல் இருக்கிறது. அரசாங்கம் அதைக் காக்கிறது, காக்கட்டும். காட்டுப்பள்ளிக் குப்பம் இருந்தது என்பதற்கு ஒரு கல் வைத்தால் என்ன? சாலை ஓரமாகவே, நாங்கள் வண்டி நிறுத்திய இடத்திலேயே. பெரிய செலவில்லை. அஞ்சல் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விலாசம் இல்லாமல் போன ஊருக்கு வரும் கடிதத்தை நாங்கள் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம். ‘அப்படி ஒரு இடம் இல்லை’ என்று எழுதித்தான் திருப்ப வேண்டும். நான் எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை இந்தப் பெயருக்கு எழுத எனக்குக் கை வராது.

வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதுவது என்று முடிவு செய்தோம். இரண்டு பலகை கேட்பது: ஒன்று கோட்டை மேட்டில், ஒன்று காட்டுப்பள்ளியில். கணக்குக்காரரும் வந்தார். ‘முள்ளுக்காட்டுக்கு மனுவா’ என்று முனகிக்கொண்டே எவ்வளவு செலவாகும் என்று மதிப்பீடு போட்டுக் கொடுத்தார். சிமெண்டு, மணல், கல்வெட்டு வேலை, வண்டிக்கூலி எல்லாம் தனித்தனியாக.

கோட்டைப் பலகைக்கான வாசகத்தில்தான் தகராறு. நான் எழுதியது: “இவ்வழியே ஆயிரக்கணக்கான மக்கள் கடல் கடந்து கொண்டு செல்லப்பட்டனர்.” தமிழாசிரியர் பேனாவை வாங்கி ‘கொண்டு செல்லப்பட்டனர்’ என்பதை அடித்தார். மேலே ‘விற்கப்பட்டனர்’ என்று எழுதினார். அரசாங்கத்துக்குப் போகிற மனு, கொஞ்சம் பதமாக இருக்கட்டுமே என்றேன். “பதமா எழுதணும்னா எதுக்குப் பலகை?” என்றார். கணக்குக்காரர், யார் விற்றார்கள் என்பதும் வர வேண்டும், இல்லாவிட்டால் அது பாதிக் கணக்கு என்றார். அதற்கு நாங்கள் யாருமே பதில் சொல்லவில்லை. குப்பத்துக்காரர் அதுவரை பேசாமல் இருந்தவர், காட்டுப்பள்ளிப் பலகைக்கு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் ‘மீனவர் குடியிருப்பு இருந்த இடம்’ என்று எழுதியிருந்தேன். “குடியிருப்புன்னு இப்போ இருக்கறதைச் சொல்றாங்க சார். அது குப்பம். குப்பம்னே போடுங்க” என்றார்.

அப்படியே போட்டிருக்கிறேன். முதல் பலகையின் வாசகம் இன்னும் முடியவில்லை. வரும் ஞாயிறு மறுபடி கூடுகிறோம். யோசனை உள்ளவர்கள் திண்ணைக்கு வரலாம், காலை 10 மணிக்கு மேல்.